நோயெதிர்ப்பு செல்களில் வி.இ.ஜி.எஃப் ஏற்பி: சிறுநீரகப் புற்றுநோய் மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெளிசெல் வகை சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பாலும் வி.எச்.எல் மரபணு செயலிழந்திருக்கும். அதனால் எச்.ஐ.எஃப் புரதம் சிதையாமல் தேங்கி, வி.இ.ஜி.எஃப் என்னும் ரத்தநாள வளர்ச்சிக் காரணி மிகையாகச் சுரக்கிறது. இதைப் பிடிக்கும் ஏற்பிகள் ரத்தநாளச் சுவரில் மட்டுமல்ல, மோனோசைட் என்னும் வெள்ளை அணுக்களிலும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மைலாய்டு செல்களிலும், சில டி செல்களிலும் உண்டு. ஆனால் நோயெதிர்ப்பு செல்களில் அவற்றின் எண்ணிக்கை குறைவு. ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடிகளை ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஒளி மங்கலாக வருவதால், பொய்யான ஒளி எளிதில் உண்மையாகத் தோன்றிவிடும்.

அதிகம் ஏமாற்றுவது மோனோசைட்தான். ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும் எஃப்.சி ஏற்பிகள் அதில் ஏராளம். எஃப்.சி தடுப்பானைச் சேர்த்து 10 நிமிடமாவது வைத்த பிறகே சாயமிடுங்கள். இறந்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உயிர்ப்புச் சாயமும் கட்டாயம். ஏற்பி உள்ள செல், இல்லாத செல் என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை ஐசோடைப் குழாயை (ஏற்பியைப் பிடிக்காத, அதே வகை ஆன்டிபாடி சேர்த்தது) மட்டும் நம்பிப் போடாதீர்கள். ஏற்பிக்கான ஆன்டிபாடியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சேர்த்த குழாய் ஒன்றை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக வையுங்கள்.

ஏன் தனியாக? வி.இ.ஜி.எஃப் ஏற்பியைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான சுனிட்டினிப் மாத்திரை எடுப்பவர்களின் மாதிரியைப் பாருங்கள். அந்த மருந்தே மஞ்சள் நிறம், தானாகவே ஒளிரும். சுமார் 430 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சி 540 அருகே பச்சையாக உமிழும். அது செல்களின் லைசோசோம் என்னும் கழிவு சிதைக்கும் பைகளில் சேர்ந்தும் விடும். ஏற்பிக்கு ஃபிட்சி போன்ற பச்சைச் சாயத்தைப் பயன்படுத்தினால், சிகிச்சைக்குப் பின் ஏற்பி கூடிவிட்டதாக ஒரு பொய் முடிவு கிடைக்கலாம். சிவப்பு லேசரில் தூண்டப்படும் சாயத்துக்கு மாறுங்கள். எந்த ஆன்டிபாடியும் சேர்க்காத செல்களையும் அதே மாதிரியிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

மோனோசைட்டில் ஒட்டிய ரத்தத் தட்டுகள் இன்னொரு பொறி. தட்டுகளிலும் இந்த ஏற்பிகள் உள்ளன. தட்டுகளின் அடையாளப் புரதமான சிடி41-க்கான ஆன்டிபாடியைச் சேர்த்தால் ஒட்டியவற்றைப் பிரித்தறியலாம். வி.இ.ஜி.எஃப் அளவையும் கூடவே பார்ப்பதாக இருந்தால் சீரம் வேண்டாம், பிளாஸ்மா எடுங்கள். சீரம் எடுக்க ரத்தம் உறைய வேண்டும்; உறையும்போது தட்டுகள் தம்மிடமுள்ள வி.இ.ஜி.எஃப்-ஐக் கொட்டிவிடும்.

மாதிரி காத்திருக்கக் கூடாது. எடுத்த சில மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்து, குளிர்ச்சியிலேயே சாயமிடுங்கள். அறை வெப்பத்தில், அதுவும் வி.இ.ஜி.எஃப் நிறைந்த சூழலில், ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். உறைய வைத்து உருக்கினால் கிரானுலோசைட் வகை அடக்கு செல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். அப்படிப்பட்ட மாதிரியில் "இந்த வகை செல்கள் இல்லை" என்று எழுதுவது தவறு. கட்டித் திசுவைப் பிரிக்க டிரிப்சின் நொதி வேண்டாம். மேற்பரப்புப் புரதங்களை அது வெட்டும்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். தேடும் செல் 0.1 சதவீதம் என்றால், 1 லட்சம் செல்களை ஓட்டினால் கிடைப்பது 100தான். பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலம் (100-க்கு 10) என்பதால், எண்ணும்போதே 10 சதவீதப் பிழை உண்டு. அதை 5 ஆக்க 4 லட்சம் ஓட்ட வேண்டும்.

ஆர்.என்.ஏ அளப்பவர்களுக்கு ஒன்று: வி.இ.ஜி.எஃப் ஏற்பிகளில் முதல் வகைக்கு, செல்லிலிருந்து வெளியே கரைந்து திரியும் வடிவமும் உண்டு. செல்லுக்கு வெளியே நீளும் பகுதியைக் குறிவைக்கும் பிரைமர் (எந்த ஆர்.என்.ஏவை அளப்பது என்று தேர்ந்தெடுக்கும் சிறு டி.என்.ஏ துண்டு) இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடும். செல்லுக்குள் இருக்கும் டைரோசின் கைனேஸ் பகுதிக்குப் பிரைமர் அமைத்தால் முழு ஏற்பி மட்டும் கிடைக்கும்.

ரத்தம் எடுத்த நாளையும் குறித்து வையுங்கள். சுனிட்டினிப் வழக்கமாக 4 வாரம் எடுத்து 2 வாரம் நிறுத்தப்படுகிறது. ஒருவரின் நான்காம் வார மாதிரியை இன்னொருவரின் ஓய்வு வார மாதிரியோடு ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.