செகண்ட் லைஃபில் படகோடு எல்லை தாண்ட

ஆட்கள் ஓர் உருவமெடுத்து உலவும் இணைய மெய்நிகர் உலகமான செகண்ட் லைஃப் 2003ல் திறந்தது. 2020ல் அதன் சர்வர்கள் அமேசான் கிளவுடுக்கு இடம் மாறின. இருந்தும் ஒரு ரீஜனிலிருந்து, அதாவது அந்த உலகின் ஒரு துண்டிலிருந்து, அடுத்ததற்குப் போகும்போது படகு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகிற பிரச்சினை இன்னும் தீரவில்லை. அங்கே உள்ள பிளேக் கடலில் ஒன்பது வருஷமாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

அந்த எல்லைக் கோட்டில் என்ன நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ரீஜன் என்பது 256 மீட்டர் சதுரம். ஒவ்வொன்றையும் சிமுலேட்டர் என்கிற ஒரு தனி சர்வர் நிரல் நடத்துகிறது. நீங்கள் கோட்டைத் தாண்டும் நேரத்தில் உங்கள் அவதார் (அங்கே நீங்கள் எடுத்திருக்கும் உருவம்), உடம்பில் மாட்டியிருக்கும் பொருட்கள், அவற்றில் ஓடும் ஸ்கிரிப்டுகள் என்கிற சின்ன நிரல்கள், படகு, கூட உட்கார்ந்திருப்பவர்கள் என்று அத்தனையையும் மூட்டை கட்டி இந்த சிமுலேட்டர் அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. அங்கே மூட்டையைப் பிரித்து ஆளைத் திரும்பப் படகில் உட்கார வைக்க வேண்டும். இதில் எங்கே இழுத்தாலும் கோளாறுதான். மூட்டையின் கனத்தைக் குறைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

கனம் பெரும்பாலும் தலைமுடியிலும் செருப்பிலும்தான் ஒளிந்திருக்கும். பழைய பொருட்களில் அளவு மாற்றுவதற்கென்று ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருப்பார்கள். மோனோ என்ற முறையில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் 64 கேபி வரை நினைவகம் எடுக்கலாம். என் தங்கை முதல்முறை என் படகில் ஏறிய அன்று, அவள் கூந்தலில் மட்டும் நூற்றுக்கும் மேல் ஸ்கிரிப்டுகள் இருந்தன. கழற்றிவிட்டு வேறு முடி மாட்டச் சொன்னேன்; அன்று பதினோரு எல்லைகள் தாண்டினோம். உங்கள் அவதாரில் ஓடும் ஸ்கிரிப்டுகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்தப் பொருள் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். பல பொருட்களின் மெனுவிலேயே ஸ்கிரிப்டை நீக்கும் வழி உண்டு. ஆனால் நீக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நகல் எடுக்க முடியாத பொருள் என்றால் அதில் கை வைக்காதீர்கள், கழற்றி வைத்தால் போதும். பயணத்துக்குத் தேவைப்படாத ஹட்களையும் (திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டன் பலகைகள்) கழற்றிவிடுங்கள்.

சரி, கிளம்பலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புள்ளிவிவரப் பட்டை வரும். சிமுலேட்டரின் வேகத்தைக் காட்டும் சிம் எஃப்பிஎஸ் 45ஐ ஒட்டியும், அது பின்தங்குகிறதா என்று காட்டும் டைம் டைலேஷன் 1ஐ ஒட்டியும் இருந்தால் நல்லது. இது நீங்கள் இருக்கிற ரீஜனின் நிலவரம் மட்டுமே. எதிரே இருப்பதை அறிய உலக வரைபடத்தைத் திறந்து பச்சைப் புள்ளிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள். கூட்டமாக இருந்தால் சுற்றிப் போங்கள்.

நான்கு ரீஜன்கள் சேரும் மூலைக்கு மட்டும் போகவே போகாதீர்கள். ஒரு ஒப்படைப்பு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். கோட்டை நேர்க்குத்தாகத் தாண்டுங்கள், தாண்டியபின் பத்து நொடியாவது விட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள். தாண்டும்போது படகு கடலுக்குள் மூழ்குவது போலவோ வானில் பறப்பது போலவோ தெரியலாம். சர்வரின் பதில் வரும்வரை வ்யூவர் (உங்கள் கணினியில் அந்த உலகைக் காட்டும் நிரல்) ஊகித்துக் காட்டும் இடம் அது. விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பதறிப்போய் அழுத்தும் விசைகள்தான் பிறகு படகைத் தாறுமாறாகத் திருப்புகின்றன. ஒரு நிமிஷம் ஆகியும் சரியாகவில்லை என்றால் வெளியேறி, சற்று நேரம் கழித்து வேறு ரீஜனில் நுழையுங்கள்.

அப்புறம், புகார் எழுதுங்கள், தயவுசெய்து. "எல்லையில் விழுந்தேன்" என்று மட்டும் எழுதினால் ஒரு பொறியாளரால் எதையும் தேட முடியாது. எந்த ரீஜனிலிருந்து எந்த ரீஜனுக்கு, என்ன படகு, எத்தனை பேர், பத்து முறை தாண்டினால் எத்தனை முறை விழுகிறது என்று எழுதுங்கள். ஹெல்ப் மெனுவின் அபவுட் ஜன்னலில் வ்யூவர், சர்வர் பதிப்பு விவரங்களை நகலெடுக்கும் பட்டன் இருக்கிறது. அதை அப்படியே ஒட்டுங்கள். இதே புகார் ஏற்கெனவே இருந்தால் புதிதாகத் தொடங்காமல் உங்கள் விவரத்தை அதிலேயே சேர்த்துவிடுங்கள். நேரத்தை நம் கடிகாரப்படி எழுதாமல் அந்த உலகத்தின் கடிகாரப்படி, அதாவது பசிபிக் நேரப்படி குறித்து அனுப்புங்கள்.