ஒரு போத்தல், நாலு மருந்து: இருமல் பாணியில் நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் உள்ள ஒரு பாமசியில் எட்டு வருடமாக நிற்கிறேன். மழை தொடங்கி இரண்டாம் நாளே இந்தக் குரல் கேட்கத் தொடங்கிவிடும். "தம்பி, போன முறை தந்தீங்களே அந்தச் சிவப்புப் பாணி, அதே பாணி தாங்கோ." பெயர் ஞாபகமில்லை, டொக்டரின் துண்டும் இல்லை. நிறம் மட்டும்தான் நினைவில் இருக்கும். எங்கள் அலுமாரியில் சிவப்புப் பாணி மட்டுமே ஆறேழு வகை இருக்கும். ஒன்றுக்குள் இருப்பது மற்றதில் இராது.

இருமல், தடிமனுக்கு எழுதித் தரும் பாணிகளில் பல கூட்டு மருந்துகள். மூக்கு ஒழுகுவதைக் குறைக்கக் குளோர்ஃபெனிரமீன் இருக்கும். நாம் பிரிற்றன் என்று வாங்கும் சின்னக் குளிசையில் இருப்பதும் அதுதான். மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் அல்லது ஃபீனைலெஃப்ரின், இருமலை அடக்க டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபான் அல்லது கொடெய்ன், சளியை இளக்கக் குவைஃபெனெசின். சிலவற்றில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோலும், சிலவற்றில் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமோலும் சேர்ந்திருக்கும். சளியை வெளியே கொண்டுவர ஒன்று, இருமலே வராமல் அடக்க இன்னொன்று என இரண்டையும் ஒரே போத்தலில் ஊற்றி விற்கும் பாணிகளும் உண்டு. அதன் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அது கிடக்கட்டும்.

நான் காணும் பிழைகளில் பாதிக்கு மேல், இந்தப் போத்தலை "ஒரு மருந்து" என்று எண்ணுவதால் வருபவை. பாணியில் பரசிற்றமோல் இருப்பது தெரியாமல் பக்கத்தில் பனடோலும் போடுகிறார்கள். வளர்ந்த ஒருவர் இரண்டு பனடோல் போட்டால் 1000 மில்லிகிராம். அப்படி நாலு தடவை போட்டால் 4000. ஒரு நாளைக்கு அதுதான் உச்ச எல்லை. மெலிந்தவர்களுக்கும் ஈரலில் கோளாறு உள்ளவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு. அதற்கு மேல் பாணியும் தடிமன் குளிசையும் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? பாதிக்கப்படுவது ஈரல். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் வயிற்றைப் புரட்டலாம். சேதம் வெளியே தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதனால்தான் "ஒண்டும் செய்யேல்லையே" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. சல்பூட்டமோலும் இப்படித்தான். தொய்வுக்கு ஏற்கெனவே பம்ப் அடிக்கும் பிள்ளைக்கு அதே மருந்து பாணியிலும் போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்.

அடுத்தது கரண்டி. பாணி குடித்ததிலிருந்து மகள் எந்த நேரமும் தூங்கி வழிகிறாள் என்று ஒரு தாய் வந்தார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு கரண்டிதான் தம்பி." கரண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். வட்டிலப்பம் சாப்பிடும் கரண்டி. அதில் தண்ணீர் நிரப்பி எங்கள் அளவுக் கிண்ணத்தில் ஊற்றினேன். தண்ணீர் 10 மில்லிலீற்றர் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது. டொக்டர் எழுதியிருந்தது 5. பிள்ளைக்கு மூன்று நாளாக இரண்டு மடங்கு போயிருக்கிறது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டொக்டரும் "ஒரு கரண்டி" என்றுதான் வாயால் சொல்லியிருப்பார். அவர் மனதில் இருந்தது 5 மில்லிலீற்றர் தேக்கரண்டி.

போத்தலோடு வரும் கிண்ணத்தை மேசையில் வைத்து, குனிந்து கண் மட்டத்தில் கோட்டைப் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்தால் சரியும். சின்னப் பிள்ளைகளுக்கு ஊசியில்லாத சிரிஞ்ச் இன்னும் நல்லது. பாமசியில் கேட்டால் தருவார்கள். கிண்ணம் தொலைந்துவிட்டால் வேறு போத்தலின் கிண்ணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்க வேண்டாம், கோடுகள் வேறாக இருக்கலாம். லேபலையும் ஒரு தடவை பாருங்கள். பிள்ளைகளுக்கான பரசிற்றமோல் பாணி 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. கரண்டி ஒன்றுதான், மருந்து இரண்டு மடங்கு.

துண்டில் உள்ள எழுத்துகளையும் தெரிந்து வைத்திருங்கள். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, நொக்டே என்றால் இரவில் மட்டும், எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மாத்திரம். தேவைப்பட்டால் குடிக்க வேண்டியதை நேரம் வைத்துக் குடித்து முடிப்பவர்கள் நிறையப் பேர். டிஸ்பென்சரியில் பெயர் எழுதாத போத்தலில் ஊற்றித் தந்தால், என்ன மருந்து என்று கேட்டு அதன் மேல் எழுதி வாங்குங்கள். தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அண்ணனுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. பாதி அளவு கொடுத்தால் சரி என்பது பிழையான கணக்கு. சில மருந்துகளைச் சின்னவருக்குப் பாதியளவும் கொடுக்கக் கூடாது. குளோர்ஃபெனிரமீனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாவிக்க வேண்டாம் என்று லேபலில் போடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். கொடெய்ன் உள்ளதைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே தொடவே கூடாது, பாலூட்டும் தாய்மாரும் குடிக்கக் கூடாது. சிலருடைய உடல் கொடெய்னை மிக வேகமாக மோர்ஃபீனாக மாற்றிவிடும். அப்போது மூச்சு அடங்கிப் போகலாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சாதாரணத் தடிமன் இருமல் என்றால் படுக்கப் போகும் முன் ஒரு தேக்கரண்டி தேன் போதும். ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது.

பெரியவர்களிடம் வேறு சிக்கல். பிரஷருக்குக் குளிசை குடிப்பவருக்கு சூடோஎஃபெட்ரின் பிரஷரை ஏற்றிவிடலாம். புரொஸ்டேட் வீங்கிய ஐயாமாருக்கு இந்தப் பாணிகளால் சிறுநீர் அடைபட்டு, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். மனச்சோர்வுக்கு ஃபுளூஒக்சற்றின், சேற்றலின் போன்றவை எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபான் குடிக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். அந்தக் குளிசையைப் பற்றி வாய் திறக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கவுண்டரில் ஆட்கள் நின்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், போதும். சீனி வியாதிக்காரர் சீனி சேராத பாணி இருக்கிறதா என்று கேட்கலாம். பாணி குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ ஓட்டுவதும், அதற்கு மேல் சாராயம் குடிப்பதும் எவ்வளவு ஆபத்து என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்த இருமல் ஏன் வந்தது? ஒரே பாணியை மூன்றாம் தடவையாக வாங்க வருபவரிடம் நான் கேட்பது இதைத்தான். எனலப்ரில், கப்டோப்ரில் போன்ற பிரஷர் குளிசைகளே சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். எத்தனை போத்தல் குடித்தாலும் அது நிற்காது. கிளினிக்கில் குளிசையை மாற்றித் தந்தால் சில வாரங்களில் தானாகவே போய்விடும், நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் மட்டும் இருமும் பிள்ளைக்குத் தொய்வு இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசாங்கத்தின் மார்பு நோய் கிளினிக்கில் அது இலவசம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு டெங்குவைச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சல் இருந்தால், ஐபுப்ரோஃபென், டிக்லோஃபெனக், அஸ்பிரின் கலந்த எதையும் டொக்டர் பார்க்கும் வரை தொட வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. டெங்குவில் பிள்ளை சோர்ந்து சுருண்டு படுப்பது ஒரு அபாய அறிகுறி. தூக்கம் தரும் பாணியைக் கொடுத்துவிட்டால், அது மருந்தின் தூக்கமா நோயின் சோர்வா என்று யாரால் சொல்ல முடியும்?

சென்னைக்குப் போய் வருபவர்களிடம் பாணி சொல்லி அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள். 2022 இல் காம்பியாவிலும் 2025 இல் மத்தியப் பிரதேசத்திலும் டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு கலந்த பாணியால் பிள்ளைகளின் சிறுநீரகம் செயலிழந்தது, பலர் இறந்தார்கள். மத்தியப் பிரதேசத்துப் பாணி தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். நிறத்திலோ மணத்திலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. பாணி குடிக்கும் பிள்ளை வாந்தி எடுத்து, சிறுநீர் போவதும் குறைந்தால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காதீர்கள்.

கூடுதலாகக் குடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மூச்சு மெதுவாகிறது, எழுப்பினாலும் எழும்பவில்லை என்றால் உடனே 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பரசிற்றமோல் கூடிப் போயிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு கொடுத்தால் ஈரலைக் காப்பாற்றலாம். போகும்போது போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். "சிவப்புப் பாணி" என்று சொன்னால் அங்குள்ள டொக்டருக்கும் ஒன்றும் விளங்காது.