அராபிகா வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை. எனக்கு முன்னால் நின்றவர் "அராபிகா கால் கிலோ" என்றார். "பிளான்டேஷன் ஏ போடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். "அதெல்லாம் வேண்டாம், அராபிகாதான் வேண்டும்." "இதுதான் சார் அது" என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். அவர் வேண்டாம் என்று விட்டுப்போனது அராபிகாவைத்தான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பாக்கெட்டில் அச்சாகும் பெயர் ஒன்று, கடையில் புழங்கும் பெயர் வேறொன்று. இரண்டையும் கற்றுக்கொள்ள எனக்கே பல கால் கிலோக்கள் செலவாகின.

இந்தியக் காபி வணிகத்தில் "பிளான்டேஷன்" என்பது ஒரு சரக்கின் பெயர். பறித்த பழத்தின் தோலை உரித்து, கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு புளித்துக் கழன்றதும் கழுவி, அதன் பிறகு காயவைத்த அராபிகாதான் பிளான்டேஷன். பழத்தை உரிக்காமல் அப்படியே களத்தில் பரப்பி உலர்த்தி, பிறகு உடைத்துக் கொட்டையை எடுத்தால் அது "அராபிகா செர்ரி". அராபிகாவைப் போல இன்னொரு காபி இனமான ரோபஸ்டாவிலும் இதே இரண்டு வகை உண்டு: கழுவிக் காயவைத்தது "ரோபஸ்டா பார்ச்மென்ட்", பழமாகவே காய்ந்தது "ரோபஸ்டா செர்ரி". இந்த நான்கு பெயர்களும் பிடிபட்டால் கடைச் சுவரில் தொங்கும் விலைப்பலகை பாதி விளங்கிவிடும். பலகையில் வெறும் "செர்ரி" என்று மட்டும் இருந்தால், எந்தச் செர்ரி என்று கேட்டுவிடுங்கள். விலை மிகவும் சகாயமாக இருந்தால் அநேகமாக ரோபஸ்டாதான்.

அடுத்த குழப்பம் எழுத்துகளில் வருகிறது. "ஏ" என்றதும் முதல் தரம், "பி" என்றால் இரண்டாம் தரம் என்று பள்ளிக்கூடக் கணக்குப் போடுகிறோம். அது முதன்மையாகச் சல்லடைக் கணக்கு. 6.65 மில்லிமீட்டர் துளையுள்ள 17-ஆம் எண் சல்லடையில் தங்கும் கொட்டை "ஏ", அதைவிடப் பெரிய 18-ஆம் எண் சல்லடையில் தங்குவது "ஏஏ". கொட்டைகள் ஒரே அளவாக இருந்தால் வறுபடும்போது ஒன்று கருகி இன்னொன்று பச்சையாக நிற்காது. அந்த மட்டில் எழுத்துக்கு மரியாதை தரலாம். மணத்தையும் ருசியையும் சல்லடை அளப்பதில்லை. நல்ல தோட்டத்து "பி", அலட்சியமாகக் காயவைத்த "ஏஏ"வைச் சுலபமாகத் தோற்கடிக்கும்.

பீபரி என்றால் தனிச்சாதி என்று நம்புகிறவர்கள் ஏராளம். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள், தட்டைப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளரும். போட்டியில்லாத அந்த ஒற்றைப் பிள்ளை பட்டாணி போல உருண்டுவிடுகிறது. அவ்வளவுதான் பீபரி. இது அராபிகாவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. ஆகவே "பீபரி கொடுங்கள்" என்பது "மூத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள்" என்பது போல. யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீபரிக்குப் "பிபி" என்ற சுருக்கெழுத்து வேறு இருக்கிறது. கருத்த கொட்டை, பழுப்புக் கொட்டை, உடைசல் என்று கழித்து ஒதுக்கிய சரக்குக்கு வணிகத்தில் "பிபிபி" என்று பெயர். ஆங்கிலத்தில் எழுத்துகள் வேறு. தமிழில் எழுதினால் ஒரு "பி"தான் கூடுதல். பலகையை நிதானமாகப் படியுங்கள்.

கொட்டையாகவே வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி: பெயரை நம்ப வேண்டியதில்லை, கையில் நாலு கொட்டையை எடுத்துப் பார்த்தாலே போதும். அராபிகா சற்று நீண்டு தட்டையாக இருக்கும். நடுவில் ஓடும் கோடு பாம்பு நெளிந்தது போல வளைந்திருக்கும். ரோபஸ்டா குட்டையாக, உருண்டையாக இருக்கும். கோடு ஏறக்குறைய நேராகப் போகும். பீபரியில் இந்த அடையாளம் அவ்வளவாகக் கைகொடுக்காது. மற்றபடி பத்துக் கொட்டையில் ஏழெட்டையாவது பிரித்துவிடலாம். அரைத்த தூளில் கண்ணுக்கு எந்த வேலையும் இல்லை.

இதுவரை சொன்னவை பெயர்க் குழப்பங்கள். இவற்றுக்கெல்லாம் தாய்த்தவறு ஒன்று உண்டு: "அராபிகா" என்ற சொல்லையே தர முத்திரையாக எடுத்துக்கொள்வது. அது ஒரு செடியினத்தின் பெயர், அதற்குமேல் எதுவும் இல்லை. எத்தியோப்பிய மலைக்காடுகளில், ரோபஸ்டா இனமும் யூஜினாய்டிஸ் என்ற இன்னோர் இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்தது. அதாவது நாம் மட்டமென்று ஒதுக்கும் ரோபஸ்டா, அராபிகாவுக்குப் பெற்றோரில் ஒருவர். பச்சைக் கொட்டையில் சர்க்கரையும் எண்ணெய்ச் சத்தும் அராபிகாவில் கூடுதல். மணத்தின் நயமும் இதமான புளிப்பும் வருவதற்கான மூலதனம் அங்கே இருக்கிறது. அந்த மூலதனத்தைக் காப்பாற்றுவதும் தொலைப்பதும் பறிப்பவர், காயவைப்பவர், வறுப்பவர் கைகளில்.

தொலைத்ததற்கு ஓர் உதாரணம் என் வீட்டிலேயே நடந்தது. ஒரு மலைப்பயணத்தில், பாதையோரக் கடையொன்றில் "தோட்டத்து அராபிகா" என்று அரைக் கிலோ தூள் வாங்கிவந்தேன். வீட்டில் டிகாக்ஷன் இறங்கியதும் அம்மா மோந்து பார்த்துவிட்டு, "நனைந்த சாக்கு வாடை அடிக்கிறதே" என்றார். அதே வாடைதான். சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டை கட்டிய கொட்டையாக இருந்திருக்க வேண்டும். அராபிகா என்பதில் பொய் இருந்திருக்காது. அந்த அரைக் கிலோவில் பெரும்பகுதி ரோஜாச் செடிக்குப் போனது.

இன்னொரு பக்கம், நன்றாகக் கழுவிப் பக்குவப்படுத்திய ரோபஸ்டா பார்ச்மென்ட் இருக்கிறது. "காபி ராயல்" என்ற பெயரில் ஏற்றுமதியாகும் உயர்ரகச் சரக்கு இதில் சேர்ந்ததுதான். எஸ்பிரெஸோவின் மேல் நுரை திடமாக நிற்க வெளிநாட்டு வறுவலாளர்கள் இந்திய ரோபஸ்டாவைத் தேடி வாங்குகிறார்கள். நாமோ நம் ஊர்ச் சரக்கைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

அப்படியானால் அராபிகாவுக்கு ஏன் கூடுதல் விலை? ருசி ஒரு காரணம். செடியின் நோஞ்சான் உடம்பு இன்னொரு காரணம். இந்தியாவில் சுமார் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சியும் மரநிழலும் இதற்கு வேண்டும். இலைத்துரு நோய் எளிதில் பிடிக்கும். தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் நுழைந்துவிட்டால் செடியையே பிடுங்கி எரிக்க வேண்டிவரும். 1869-இல் இலங்கையில் தென்பட்ட துரு நோய் அங்கிருந்த காபித் தோட்டங்களை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் துடைத்துப்போட்டது. தமிழகத்திலிருந்து காபி பறிக்கப் போன கைகளின் வேலை தேயிலை கிள்ளுவதாக மாறியது. அந்த அடிக்குப் பிறகுதான் நோயைத் தாங்கும் ரோபஸ்டாவுக்கு இந்தப் பகுதியில் மவுசு வந்தது. கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எஸ்.795 என்ற அராபிகா ரகம் இன்றும் நம் மலைகளில் பரவலாக நிற்கிறது.

ஊர்ப் பெயரைப் பார்த்து இனத்தை ஊகிப்பதும் சறுக்கலில் கொண்டுபோய் விடும். குடகு அராபிகாவுக்கும் சிக்மகளூர் அராபிகாவுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குடகில் அதிகம் விளைவது ரோபஸ்டா. பாக்கெட்டில் "கூர்க் காபி" என்று மட்டும் இருந்தால் அது அராபிகாவுக்கு உத்தரவாதம் இல்லை. வயநாட்டுக்கு அதே ஆண்டு கிடைத்த குறியீடே ரோபஸ்டாவுக்குத்தான். அராபிகா தேடுகிறவர்கள் தமிழ்நாட்டு மலைகளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். ஏற்காட்டிலும், கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலும் மிளகுக் கொடி, ஆரஞ்சு, மலைவாழை நடுவே நிற்பது பெரும்பாலும் அராபிகா.

இனி அதிகம் பேர் விழும் குழிக்கு வருகிறேன், நானும் விழுந்திருக்கிறேன். எப்படிக் குடிக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் வாங்குவது. விலை கூடிய, இளவறுவல் அராபிகா ஒன்றை வாங்கினேன். பாக்கெட்டில் எலுமிச்சை, மல்லிகை என்று ஏதேதோ வாசனைகள் எழுதியிருந்தன. பித்தளைப் பில்டரில் போட்டு, திக்கான எருமைப்பால் ஊற்றி, சர்க்கரை போட்டு ஆற்றினேன். வெளிறிப்போன, லேசாகப் புளித்த ஒரு பானம் டம்ளரில் நின்றது. பால் கெட்டுவிட்டதோ என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். பால் நன்றாகவே இருந்தது. அதே தூளை மறுநாள் பால் இல்லாமல், சர்க்கரையும் இல்லாமல் வடிகட்டிக் குடித்தபோதுதான் எலுமிச்சை என்று எதைச் சொன்னார்கள் என்று நாக்குக்குத் தெரிந்தது. முந்தைய நாள் புளிப்பாகப் பட்டதும் அதேதான்.

பாலும் சர்க்கரையும் நுட்பமான வாசனைகளை மூடிவிடும். அவற்றை எதிர்த்து நிற்கக் கசப்பும் கனமும் வேண்டும். நம் வீட்டு டம்ளர் காபிக்கு நடுவறுவலோ அதைவிடச் சற்றுக் கூடியதோதான் பொருந்தும். கால் பங்கு நல்ல ரோபஸ்டா சேர்ந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். பால் சேர்க்காமல் குடிப்பவருக்கு இளவறுவல் அராபிகாவில் போட்ட காசு வீணாகாது. நல்ல கடைக்காரர் "பாலோடு குடிப்பீர்களா?" என்று முதலில் கேட்பார். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிட வேண்டும்.

கருவறுவல் என்றால் வீரியம் அதிகம் என்ற நினைப்பும் பொய். வறுவல் கூடக்கூடக் கசப்புதான் கூடுகிறது. எந்தத் தோட்டம், எந்த இனம் என்ற அடையாளம் புகையில் மறைகிறது. எண்ணெய் மினுங்கக் கருக்கிவிட்டால் அராபிகாவுக்குக் கொடுத்த கூடுதல் விலைக்குப் பொருளில்லை. காஃபீனைப் பொறுத்தவரை, எடையில் அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம். ரோபஸ்டாக் கலவையிலேயே பழகியவர் ஒரே நாளில் முழு அராபிகாவுக்கு மாறினால், காலையில் இரண்டு டம்ளர் குடித்தும் தலை தெளியவில்லை என்று புலம்பத்தான் செய்வார்.

டிகாக்ஷன் கள்ளிச்சொட்டாக இறங்கினால் அது நல்ல அராபிகா என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. அந்தக் கருமைக்கும் கெட்டித்தன்மைக்கும் பெரும்பாலும் காரணம் சிக்கரி. அது வறுத்து அரைத்த ஒரு கிழங்குவேர், காபியைவிட மலிவு, அதில் காஃபீன் கிடையாது. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி சட்டப்படியே வரலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "அராபிகா" என்று இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிச் சதவீதத்தைப் படியுங்கள். அந்த அராபிகா பாதிப் பாக்கெட்டுக்குத்தான் பொறுப்பு என்று சில சமயம் தெரியவரும். சிக்கரியை நான் பகையாகக் கருதவில்லை. நூற்றுக்குப் பத்து சேர்த்தால் பால்காபிக்கு நிறமும் பிடிப்பும் கிடைக்கின்றன. கிழங்குக்கு அராபிகா விலை கொடுப்பதுதான் வலிக்கிறது.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை தூளை மேலே தூவி, அசைக்காமல் விடுங்கள். காபித் தூள் சிறிது நேரம் மிதந்துகொண்டே இருக்கும். சிக்கரித் துகள் உடனே அமிழத் தொடங்கும்; அது இறங்கும் பாதையெல்லாம் பழுப்பு நூல் போலச் சாயம் இழுத்துக்கொண்டு போகும். கலப்பு எவ்வளவு என்று இதில் அளக்க முடியாது. கலப்பே இல்லை என்று சொல்லி விற்ற தூளில் நூல் இறங்கினால் மறுபடி அந்தக் கடைக்குப் போக வேண்டாம்.

மற்றவை சிறு தவறுகள். மாதச் சாமானோடு ஒரு கிலோ தூள் வாங்குவது: அரைத்த காபியின் மணம் சில நாள்களிலேயே மங்கத் தொடங்கும், அராபிகாவில் நாம் காசு கொடுத்து வாங்குவதே அந்த மணத்தைத்தான். தூளை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துத் திறப்பது: ஈரம் கோக்கும், பக்கத்தில் இருக்கும் சாம்பார் வாடையும் ஏறும். காற்றுப் புகாத டப்பா, வெயில் படாத அலமாரி போதும். பில்டருக்கு மைதா போல நைசாக அரைக்கச் சொன்னால் துளை அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்கவே இறங்காது; கொஞ்சம் கொரகொரப்பு இருக்கட்டும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை அப்படியே கவிழ்க்காமல், கொதி அடங்கியதும் ஊற்றுங்கள்.

இப்போது நான் கடையில் சொல்வது இதுதான்: பிளான்டேஷன் ஏ நூற்றைம்பது கிராம், ரோபஸ்டா பார்ச்மென்ட் ஐம்பது, நடுவறுவல், சிக்கரி இருபது. கிடைத்தால் ஏற்காட்டுக் கொட்டை நூறு கிராம், அரைக்காமல் தனியாக. அது ஞாயிற்றுக்கிழமைக்கு, பால் இல்லாமல். அம்மா அதை ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயம் நன்றாக இருக்கிறது" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.