பிளாஸ்டிக் பூவைக் கழுவப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம். சாமி படத்தில் ஒரு வருஷமாகத் தொங்கிய துணி ரோஜா மாலையைக் கழற்றினேன். பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி, துணி துவைக்கிற பவுடரை ஒரு கை அள்ளிப் போட்டு, மாலையை அதில் அமுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்தால் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த மாதிரி இருக்கிறது. பாதி இதழ்கள் கழன்று மிதக்கின்றன. நடுநடுவே கோத்திருந்த வெள்ளை மல்லிகை மொட்டெல்லாம் ரோஸ் நிறம். ஒரே பக்கெட்டில் எத்தனை தவறு செய்திருந்தேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பெரிய தவறு வெந்நீர். துணிப் பூக்களில் இதழையும் காம்பையும் பல இடங்களில் பிடித்து வைத்திருப்பது க்ளூ கன் பசை. சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை அது, சூடு பட்டால் திரும்ப இளகத்தான் செய்யும். சாயமும் வெந்நீரில் சீக்கிரம் இறங்கும். ஆகவே குழாயில் வருகிற பச்சைத் தண்ணீரே போதும். அதற்கும் முன்னால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு இதழின் பின்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்தப் பூவுக்குக் குளியல் கிடையாது. சிவப்பு, ஊதா, கரும்பச்சை இந்த மூன்றையும் நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அடுத்தது, தூசியோடு நேராகத் தண்ணீரில் போடுவது. உலர்ந்த தூசியைத் தட்டினால் போய்விடும். அதையே நனைத்தால் சேறாகி இதழின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப்போய்த் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். பிறகு ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால், பூவின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். புது பிரஷ்ஷாக இருக்கட்டும், பழசில் காய்ந்த பெயிண்ட் உதிரும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சிலர் ஹேர் டிரையர் வைத்து ஊதுகிறார்கள். சூடில்லாத காற்றாக இருந்தால் சரி. சூடான காற்றைக் கிட்டத்தில் காட்டினால் பாலியஸ்டர் இதழின் ஓரம் சுருண்டுவிடும், பசையும் இளகும்.

பூஜை அறைப் பூவையும் டிவி ஸ்டாண்டில் இருக்கிற பூவையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. டிவி பக்கத்தில் சேர்வது வெறும் தூசி. பூஜை அறையில் சேர்வது விளக்கில் எரிகிற எண்ணெயின் பிசுக்கு, ஊதுபத்திப் புகை, கற்பூரக் கரி எல்லாம் கலந்தது. சமையலறை ஜன்னலோரம் வைத்த பூவிலும் தாளிப்புப் பிசுக்கு இருக்கும். இதை பிரஷ்ஷால் தேய்த்தால் கரி இன்னும் இழுகும். மேலாக உதறிவிட்டு, அரை பக்கெட் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன் கலந்து, பூவை மட்டும் ஒரு நிமிஷம் முக்கி மெதுவாக அலசுங்கள். சோப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் அந்தப் பிசுபிசுப்பிலேயே புதுத் தூசி ஒட்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், நிறம் போய்விடும். அதோடு வினிகரைக் கலப்பது ஆபத்து: விஷவாயு கிளம்பும்.

‘பூவை மட்டும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காம்புக்குள் இருப்பது கம்பி. வெட்டின முனை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடித்து, சில மாதங்களில் காம்பு மேல் பழுப்புக் கறையாக வெளியே வரும். காம்பை மேலே பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நனையுங்கள். காயவைக்கும்போதும் அப்படியே, கொடியில் கிளிப் போட்டுத் தலைகீழாக, நிழலில். துணிதானே என்று உச்சி வெயிலில் போடாதீர்கள். வெயிலில் அடிக்கடி கிடந்தால் நிறம் வெளுக்கும், பிளாஸ்டிக் இலை நாளடைவில் மொடமொடத்து உடையும். முழுக்கக் காயாமல் ஜாடியில் திணித்தால் உள்ளே பூஞ்சை வாடைதான் வரும். சீரியல் பல்ப் சுற்றிய மாலை என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, பல்ப் சரத்தைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

பையில் உப்பையும் பூவையும் போட்டுக் குலுக்குகிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துணிப் பூவில் உலர்ந்த தூசிக்கு அது வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் தூள் உப்பு மடிப்புகளில் தங்கிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று அடிக்கிற ஊர்களில் அந்த உப்பு நீர் இழுத்துக் கம்பியைத் துருவாக்கும். செய்வதானால் கல்லுப்பில் செய்யுங்கள், பிறகு பிரஷ்ஷால் ஒரு துகள் விடாமல் தட்டுங்கள். கோதுமை மாவு, மைதா என்று ஆரம்பித்தால் பூவில் பசை காய்ச்சின கதையாகிவிடும்.

கழுவி முடித்துப் பளபளப்புக்காக ஹேர் ஸ்பிரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிசுபிசுவென்று படிந்து தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். அதைவிட முக்கியம், அது சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. கீழே விளக்கு எரிகிற படத்தில் அந்த மாலையைப் போய் மாட்டுவோமா? பாலியஸ்டர் பூவுமே சுடர் பட்டால் உருகிச் சொட்டும். எங்கள் வீட்டில் இப்போது மாலையின் நுனி விளக்குக்கு எட்டாதபடி ஏற்றிக் கட்டியிருக்கிறோம்.

காகிதப் பூவையும் நெட்டிப் பூவையும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நெட்டி என்பது நீரில் வளர்கிற செடியின் தண்டு, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவார்களே அதுதான். பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து உருக்குலைந்து போகும். மெல்லிய மேக்கப் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தட்டி வந்தாலே போதும். பிசுக்கு ஏறிவிட்டால் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.