ஷட்டர் பட்டன் ஒட்டினால் எண்ணெயைத் தேடாதீர்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஆனி பிறந்தால் மலை தாண்டிச் சாரல் வந்துவிடும். அப்புறம் ஆடி முடியும்வரை துணி காயாது, பீரோவுக்குள் கிடக்கும் பெல்ட்டில் பூசணம் பூக்கும். அதே பீரோவில் தோல் உறையோடு வைத்த ஃபிலிம் கேமரா மட்டும் தப்புமா? கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தைப் படமெடுக்கலாம் என்று ஆசையாக வெளியே எடுத்தால், அமுக்கிய ஷட்டர் பட்டன் மேலே வராமல் உள்ளேயே நிற்கும்.

"அண்ணாச்சி, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்க, சரியாயிரும்" என்று யாராவது சொல்வார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். விட்ட எண்ணெய் பட்டனோடு நிற்காது. அதன் தண்டு வழியே இறங்கி, நாளடைவில் ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் இதழ்கள்வரை பரவும். அந்த மெல்லிய இதழ்கள் உலர்ந்த நிலையில் ஓடவேண்டியவை. லேசான எண்ணெய்ப் படலம் போதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கேமராவுக்குள்ளும் அதுதான் நடக்கும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் முதலில் சரியானதுபோலத் தெரியும். ஆவியாகிற பகுதி போனபின் மிச்சம் உள்ளே தங்கித் தூசியைப் பிடிக்கும்.

அடுத்த தவறு, கோளாறு பட்டனில்தான் என்று முடிவு கட்டிவிடுவது. முதலில் ரோல் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். 36 படம் தாண்டி, ஃபிலிமைச் சுற்றும் லீவர் பாதியில் நின்றிருந்தால் ஷட்டர் விழாது. அந்த நேரத்தில் லீவரை வலுவாக இழுத்தால் ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழியும். நிக்கான் எஃப்எம்2-வில் லீவரை உடலோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்தால் பட்டன் பூட்டிக்கொள்ளும். அது கோளாறே இல்லை. கேனான் ஏஇ-1-இல் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் எத்தனை தடவை அமுக்கினாலும் ஷட்டர் அசையாது. பென்டாக்ஸ் கே1000-இல் பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான், அதனால் அங்கே பேட்டரியை மாற்றிப் பயனில்லை. யாஷிகா எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். லீவரைச் சுற்றி முடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கும் சிறிய ரப்பர்த் துண்டு கரைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். பட்டனை எவ்வளவு துடைத்தாலும் அது சரியாகாது.

லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமராவில் அமுக்கியபின் ஒரு நொடி தாமதித்துக் கண்ணாடி எழுந்தால், லென்ஸைக் கழற்றி, கண்ணாடி மேலே போய் மோதும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டிய ஸ்பாஞ்ச் வருஷக்கணக்கில் ஈரமும் சூடும் பட்டுக் கருப்புப் பிசினாக உருகியிருக்கும். கண்ணாடியின் விளிம்பு அதில் ஒட்டிக்கொள்ள, பழி பட்டன்மேல் விழுகிறது.

கோளாறு பட்டனிலா, உள்ளேயா என்று பிரித்துப் பார்க்க நல்ல வழி கேபிள் ரிலீஸ், அதாவது கையால் பட்டனைத் தொடாமல் அமுக்க உதவும் கம்பி. பெரும்பாலான பழைய கேமராக்களில் பட்டனின் நடுவே அதற்கான மரையோடு ஓட்டை இருக்கும். அதில் மாட்டி அமுக்கும்போது ஷட்டர் சுத்தமாக விழுந்தால், பட்டனைச் சுற்றி வியர்வையும் தூசியும் படிந்த பிசுக்குதான் காரணம். அப்போதும் மக்கர் செய்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. அது மெக்கானிக் வேலை.

பிசுக்குதான் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். ரோல் இருந்தால் முதலில் ரீவைண்ட் செய்து எடுத்துவிடுங்கள். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் பட்டனின் ஓரத்தைச் சுற்றித் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் இந்த ஆல்கஹால் புழங்கும். தலைகீழாகப் பிடிப்பது முக்கியம், இல்லாவிட்டால் கரைந்த அழுக்கு உள்ளே இறங்கும். பட்டனை மெதுவாகப் பலமுறை அமுக்கி விடுங்கள், காயவிட்டு மறுபடி துடையுங்கள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கையில் தடவும் சானிடைசர் ஜெல் காய்ந்தபின் தானே ஒட்டும்.

ஈரம் போகட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். துணித்திரை ஷட்டர் உள்ள, உள்ளே கண்ணாடி மறைப்பு இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் சூரியனைப் பார்த்திருந்தால் திரையில் ஓட்டையே விழும். அரிசிக்குள் புதைத்தால் தவிட்டுத் தூசி உள்ளே போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அது வெளியே இருக்கட்டும்.

ஃபிளாஷ் உள்ளடங்கிய சின்னக் கேமராவைத் திருப்புளியால் திறக்கவே வேண்டாம். ஃபிளாஷுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அதன் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும், செல்லைக் கழற்றினாலும் மிச்சம் நிற்கும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, ஏற்கெனவே எண்ணெய் ஏதாவது விட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் எதுவரை பிரிக்கவேண்டும் என்பது அதைப் பொறுத்தது.