சின்ன கெக்கில் பீர்: காற்றை உள்ளே விடாதீர்கள்

வீட்டில் காய்ச்சும் பீரைப் புட்டியில் அடைப்பதை விட்டு, 5 லிட்டர், 10 லிட்டர் கெக்குக்கு (பீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் சின்ன உலோகப் பீப்பாய்) மாறுபவர்கள் கூடிவிட்டார்கள். நல்லதுதான், புட்டி புட்டியாகக் கழுவி மூடி அடிக்கிற வேலை மிச்சம். ஆனால் பழைய ஆட்கள் எல்லோரும் பட்டுத் தெளிந்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் செய்யும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. கெக்கைச் சுத்தமாக வை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் இந்த வேலையில் இறங்குவதில்லை.

திறந்த கெக்கில் மேலிருந்து கொட்டுவது

அதிகம் நஷ்டம் தருவது இதுதான். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

நண்பர் ஒருவர், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்டு, பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் காய்ச்சினார். நொதித்து முடிந்தபோது பழ வாசனை தூக்கியது. கெக் மூடியைத் திறந்தார், புனலை வைத்தார், மேலிருந்து ஊற்றினார். மூடியதும் கார்பன் டை ஆக்சைடு கேஸை ஏற்றினார். உள்ளே இருக்கும் காற்று என்ன ஆகும் என்று கேட்டால், "கார்பன் டை ஆக்சைடு கனமானது, பீர் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும்" என்றார். இரண்டு வாரத்தில் பொன்னிறம் பழுப்பாகிவிட்டது. பழ வாசனை போய், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தது. அவர் தண்ணீரைக் குறை சொன்னார், ஈஸ்ட்டை மாற்றினார், அடுத்த முறை இன்னும் விலை கூடிய ஹாப்ஸ் வாங்கினார். வாங்கி, அதே புனலில் ஊற்றினார்.

அந்தப் போர்வைக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வாயுக்கள் அடுக்கடுக்காக நிற்பதில்லை, கலந்துவிடும். கேஸை ஏற்றினாலும் உள்ளே இருந்த ஆக்சிஜன் எங்கும் போகாது.

கணக்குப் பாருங்கள். 5 லிட்டர் கெக்கில் 4 லிட்டர் பீர், மீதி ஒரு லிட்டர் காற்று. அந்தக் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம். பெரிய ஆலைகள் இதை 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கப் பாடுபடுகின்றன. கெக் சின்னதாக ஆக ஆக, பீரின் அளவுக்கு மேலே நிற்கும் காற்று விகிதத்தில் பெரிதாகத்தான் இருக்கும்.

"கேஸை ஏற்றி, வால்வைத் திறந்து, மூன்று தடவை வெளியே விட்டேனே" என்பார்கள். 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏற்றி வெளியே விட்டால் ஒவ்வொரு தடவையும் பழைய காற்றில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சும். மூன்று தடவை செய்தாலும் 21 சதவீத ஆக்சிஜன் 0.8 சதவீதத்தில்தான் வந்து நிற்கும். ஒன்றுமே செய்யாததற்கு இது பரவாயில்லை. ஹாப்ஸ் அதிகமுள்ள பீருக்குப் போதாது.

சரி, என்னதான் செய்வது? கழுவத் தேவையில்லாத சானிடைசர் கரைசலைக் கெக்கின் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். கேஸ் பக்கம் கார்பன் டை ஆக்சைடு கொடுத்து, பீர் வரும் வழியாகக் கரைசல் முழுவதையும் வெளியே தள்ளுங்கள். இப்போது உள்ளே கிட்டத்தட்ட வெறும் கேஸ்தான். அப்புறம் நொதிக்கும் கலனின் குழாயிலிருந்து ஒரு டியூபை எடுத்து, பீர் வெளியே வரும் அதே வழியில் மாட்டுங்கள். கேஸ் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் பீர் அடியிலிருந்து அலுங்காமல் ஏறும். டியூபுக்குள் நிற்கும் காற்றை முதலில் கொஞ்சம் பீர் விட்டு வெளியேற்றிவிடுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சிலிண்டர் செலவு பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. 5 சதவீத ஆல்கஹால் வரும் 20 லிட்டர் பீர் நொதிக்கும்போது 700 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். கன அளவில் 350 லிட்டருக்கு மேல். காசில்லாமல் வருகிற கேஸ். அதைக் கரைசல் நிரப்பிய கெக் வழியாக விட்டால் அதுவே கெக்கைக் காலி செய்துவிடும்.

16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை நம்பி கேஸ் ஏற்றுவது

நொதித்து முடிந்த பீரில் சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு 1.7 கிராம் கேஸ் கரைந்திருக்கும். வேண்டியது சுமார் 5 கிராம். அப்படியானால் 5 லிட்டருக்கு ஒரு குப்பி முழுவதும் அதற்கே போய்விடும். பீரைக் கிளாஸில் தள்ளி ஊற்றுவதற்கு இன்னொன்று வேண்டும். குப்பியை ஊற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஏற்ற சிலிண்டரோ, அளந்து போட்ட சர்க்கரையோ (ஈஸ்ட் அதை நொதிக்கவைத்துக் கேஸ் விடும்) போதும்.

நுரை வந்தால் அழுத்தத்தைக் குறைப்பது

3, 4 டிகிரி குளிரில் 10 முதல் 12 பிஎஸ்ஐ வைத்தால் ஓரிரு வாரத்தில் பீர் சமநிலைக்கு வரும். நுரை தள்ளுகிறது என்று அதை 3 பிஎஸ்ஐக்கு இறக்கினால், கரைந்திருந்த கேஸ் டியூபிலேயே வெளியேறி நுரை இன்னும் கூடும். அழுத்தத்தைத் தொடாதீர்கள். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூபை 3 மீட்டர் நீளத்துக்கு மாற்றுங்கள். கெக் தலையிலேயே டேப் (பீர் பிடிக்கும் குழாய்) இருந்தால், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேப் வாங்குங்கள். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால் டேப் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்து கேஸ் இருக்கிறது என்று நினைப்பது

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கும்வரை முள் இறங்காது. சிலிண்டரை எடை போடுங்கள். மூடி ஓரத்திலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

காற்றோட்டமில்லாத சின்ன அறையில் சிலிண்டர்

வேண்டவே வேண்டாம். கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

தகர கெக்கில் கை போன போக்கில் சர்க்கரை

அடிப்பக்கம் உப்பிவிடும். உப்பினால் அந்தக் கெக்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.