நாலு நாளாவது இருவருக்கென்று: ஊருக்குப் போகும் தம்பதியருக்கு ஓர் அமைதியான கடற்கரை

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நாலு கிழமை லீவு எடுத்து இலங்கையில் ஊருக்குப் போனால் அந்த நாட்கள் எப்படிக் கரையும் என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். முதற் கிழமை சொந்தக்காரர் வீடுகள். அடுத்தது கோயில், நேர்த்திக்கடன். பிறகு காணி அலுவல், ஒரு கலியாணவீடு, இறந்த ஒருவரின் அந்தியேட்டிச் சடங்கு. கணவனும் மனைவியும் ஆறுதலாக இருந்து கதைக்க ஒரு பொழுது கிடைக்காமலே திரும்பி விமானம் ஏறுகிறோம். அதனால்தான் சொல்கிறேன், ரிக்கற் போடும்போதே நாலு நாளை உங்கள் இருவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இதைச் சொந்தங்களுக்கு முன்கூட்டியே சொல்வது நல்லது. கடைசி நேரத்தில் சொன்னால் "நாங்களும் வாறம், வான் வண்டியில இடம் இருக்குத்தானே" என்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், மறுக்கவும் மனம் வராது. நான் போன முறை, "கலியாணம் கட்டி இத்தனை வருஷம், ரெண்டு பேரும் தனிய ஒருக்காப் போட்டு வாறம் சித்தி" என்று நேரே சொன்னேன். சித்தி சிரித்தா. விடிய வெளிக்கிடும்போது பருத்தித்துறை வடை ஒரு பை நிறையக் கட்டித் தந்தா.

இனி இடம். பலரும் முதலில் கடற்கரையைத் தெரிவுசெய்துவிட்டுப் பிறகு திகதி பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யவேண்டும். முதலில் மாதம், பிறகுதான் கரை.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை என்ற வடகிழக்குக் காற்று தொடங்கினால் கிழக்குக் கடல் வேறு கடல். மழையும் அலையுமாக மார்கழி, தை வரை கொந்தளித்துக் கிடக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று டிசம்பரில் வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். நாங்களும் ஒரு டிசம்பரில் கிழக்குக் கரை விடுதியொன்றுக்கு முன்பணம் கட்டிப் போனோம். இணையத்தில் கண்ணாடிபோலக் கிடந்த கடல், நாங்கள் போனபோது கலங்கி, கரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் சிவப்புக் கொடி, மூன்று நாளும் றூமுக்குள். அந்தப் படங்களெல்லாம் ஆடி, ஆவணியில் எடுத்தவை. பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர்கள் சொல்லவில்லை. டிசம்பரில்தான் வரமுடியும் என்றால் தெற்குக் கரைக்குப் போங்கள். அந்தக் காலத்தில் அங்கே கடல் நல்லது. உனவட்டுனவிலும் மிரிஸ்ஸவிலும் கூட்டமும் பாட்டும் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் இன்னும் கிழக்கே தங்காலைப் பக்கம்.

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கின் காலம். தென்மேற்குக் காற்று மழையைத் தென்மேற்குப் பக்கமே கொட்டிவிட்டு, மலையும் காடும் தாண்டி, காய்ந்து சூடாகி இங்கே வருகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்பது இதைத்தான். பகலில் முகத்தில் நெருப்பாய் அடிக்கும். ஆனால் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்து அலை அடங்கிக் கிடக்கும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அதே காற்று காற்றடித்த மிதவைகளைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். நீந்தத் தெரியாதவர் மிதவையை நம்பி இறங்கக்கூடாது. நல்லூர்த் திருவிழாவும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டு அப்படியே கிழக்கே இறங்குவது எங்கள் ஆட்களுக்குத் தோதான ஒழுங்கு.

கிழக்கில் எங்கே? என் முதல் தெரிவு நிலாவெளி. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். வழியில் வரும் உப்புவெளியில் சாப்பாட்டுக் கடைகளும் இரவுக் கலகலப்பும் உண்டு. இளம் பயணிகளுக்கு அது பிடிக்கும். நிலாவெளியில் மணல் அகலம், விடுதிகளுக்கிடையே இடைவெளி அதிகம். வடக்கே போகப் போக ஆட்கள் குறைவு.

அங்கே ஒரு விடியற்காலை. மனைவி என்னை எழுப்பி, "கீழ யாரோ பாடினம்" என்றா. இறங்கிப் போனோம். கரைவலை இழுக்கிறார்கள். விடியமுன் வள்ளத்தில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறும் கரையில், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்லிக்கொண்டே பின்னுக்குச் சாய்கிறார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் கட்டி இழுக்கிறார்கள், கையால் இழுப்பதைப் பார்க்கக் கிடைத்தது எங்கள் கொடுப்பினை. "அக்கா, நீங்களும் ஒரு கை பிடியுங்கோ" என்றார் ஒரு தம்பி. மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தா. வலையின் மடி கரைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. உள்ளே கீரி மீனும் சூடையும் கொஞ்சம் பாரைக் குட்டியும் துடித்தன. கையில் கயிறு உரசிய தழும்பை அன்று முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தா.

அதனால் விடுதிக்காரரிடம், "முன்னால கரைவலைப் பாடு இருக்கா?" என்று, அதாவது அங்கே கரைவலை இழுக்கும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு அது வரம். எட்டு மணிவரை நித்திரை கொள்ள விரும்புபவருக்கு அப்படி இருக்காது. கல்யாண மண்டபம் உண்டா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா, ஜெனரேற்றர் றூமுக்கு எவ்வளவு தூரம், நுளம்பு வலை கட்டியிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். தொலைபேசியில் தமிழில் கேட்டால் இணையத்தில் எழுதாததையெல்லாம் மனம்விட்டுச் சொல்வார்கள். சிறிய விடுதிகளில் இருவரின் கடவுச்சீட்டையும் கேட்பது வழக்கம், கையோடு வைத்திருங்கள்.

நிலாவெளிக்கு எதிரே, கடலுக்குள் ஒரு கிலோமீற்றர் அளவில் புறாமலை. மலைப்புறாக்கள் அடைவதால் அந்தப் பெயர். 2003 முதல் தேசியப் பூங்கா. முழங்கால் தண்ணீரிலேயே பவளப்பாறையும் வண்ண மீனும் பார்க்கலாம், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள்கூட வரும், அவை ஆட்களைக் கண்டால் விலகிப் போய்விடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பலமடங்கு, படகுக்கூலி வேறு. காலையில் முதற் படகிலேயே போங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டத்தில் அமைதி இருக்காது. பவளத்தில் கால் வைக்கவேண்டாம். ஒரு மிதியில் உடைவது திரும்ப வளரப் பல வருஷம் வேண்டும், ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம்.

இருவரில் ஒருவருக்கு நீச்சல் தெரியாதென்றால் நிலாவெளியைவிடப் பாசிக்குடா நல்லது. மட்டக்களப்பிலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் வரும். வளைந்த குடா, ஆழம் குறைவு, இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் கைகோர்த்து நடக்கலாம். போருக்குப் பிறகு பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்த இடம் என்பதால் வசதிக்குக் குறைவில்லை. பக்கத்துக் கல்குடாவில் ஆளே இராது. மாலையில் நடக்க அங்கே போங்கள், குளிக்கப் பாசிக்குடாவுக்கு வாருங்கள். கல்குடாவில் கடல் ஆழமும் இழுவையும் கூடியது.

எந்தக் கரையானாலும் செவ்வாய் முதல் வியாழன் வரை தங்கப் பாருங்கள். வெள்ளி இரவு கொழும்பு வான்கள் வந்துவிடும். பௌர்ணமியில் போயா விடுமுறை, அது வார இறுதியோடு சேர்ந்தால் றூம் கிடைப்பதே கஷ்டம், விலையும் ஏறும். போயா அன்று மது விற்பனையும் இல்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு நகர முடியாதவர்களுக்குக் காரைநகர்க் கசூரினா இருக்கிறது. சவுக்கு நிழல், அலையில்லாத ஆழமற்ற கடல். ஞாயிறு சந்தைபோல் இருக்கும், கிழமை நாளில் காலை ஏழு மணிக்குப் போனால் முழுக் கரையும் உங்களுடையது. அங்கே ஊர்ச்சனம் குடும்பமாக முழு உடுப்போடு குளிக்கும் இடம், நீங்களும் அப்படியே இறங்கினால் யாருக்கும் சங்கடமில்லை. தனிமையே வேண்டுமென்றால் வடமராட்சி கிழக்கில் மணற்காடு. மணல் மேடுகளும் மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலும். தங்க வசதியை நம்பிப் போகவேண்டாம், தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

முல்லைத்தீவுக் கரையும் அழகானது. ஆனால் 2004இல் ஆழிப்பேரலையும் 2009இல் போரும் எத்தனை பேரை அங்கே கொண்டுபோயின என்று நமக்குத் தெரியும். அந்த வழியால் போனால் இறங்கி ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போங்கள். உல்லாசத்துக்கு அதைத் தெரிவுசெய்ய என் மனம் இடம்தரவில்லை.

தண்ணீரில் இறங்கமுன் கரையில் நிற்கும் மீனவரிடம் இரண்டு கேள்வி: "அண்ணை, இண்டைக்கு நீரோட்டம் எப்பிடி? சொறி வந்திருக்கா?" சொறி என்பது உடலில் பட்டால் கடிக்கும் ஜெல்லி மீன். பல கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை, அவர்தான் உங்களுக்கு உயிர்காப்பாளர். களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரங்களில் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கவே வேண்டாம்.

இந்த நாலு நாளைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலைக்கு வானில் ஐந்து மணித்தியாலம் போல ஆகும். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு அதைவிடக் கூட. கடைசி நாள்வரை கடற்கரையில் இருந்துவிட்டு நேரே விமானத்துக்கு ஓடுவதென்றால், றோட்டில் ஒரு மரம் விழுந்தாலே விமானம் தவறிவிடும். விமானத்துக்கு முந்தின இரவு நீர்கொழும்பில் தங்கினால் விமான நிலையம் பக்கத்தில், விடிய ஆறுதலாக இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டே போகலாம்.